வைக்கோல் போருக்குப் பின்னால்

அண்ணி,

நேற்று என் மகள் தஞ்சாவூரில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டைக் காட்ட என்னை அழைத்துப் போனாள். கதவைத் திறந்ததும் வௌவால் புழுக்கை நாற்றம் முகத்தில் அடித்தது. "அடிமாட்டு விலைக்குக் கெடைக்குதும்மா. வாங்கி, சரி பண்ணி, ஆறு மாசத்துல வித்துடலாம்" என்றாள். நான் நிலைப்படியைத் தாண்டாமல் அங்கேயே நின்றுவிட்டேன். ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிவைத்தேன். உங்களிடம் அந்தப் பொய் செல்லுபடியாகியிருக்காது.

அதே நாற்றம், அண்ணி. நாம் முதன்முதலில் வாங்கிய வீட்டின் நாற்றம். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். மன்னார்குடி வீட்டில் நீங்களும் நானும்தான். நில உச்சவரம்புக்குப் பயந்தும், கூலிச் சண்டைக்குப் பயந்தும் மிராசுதார்கள் ஒவ்வொருவராக மெட்ராசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம். கிழக்கே ஓர் ஊரில் கூலி கூடக் கேட்ட ஆட்களைக் குடிசையோடு சேர்த்து எரித்துவிட்டார்கள் என்ற சேதி வந்து சில வருஷங்கள் ஆகியும், அந்தப் பக்கம் பஸ் திரும்பினாலே நான் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன். நீங்களோ அதே பஸ்சின் ஜன்னல் வழியாகப் பூட்டிய வீடுகளை எண்ணிக்கொண்டு வந்தீர்கள்.

"பாப்பா, போறவங்க பயத்துல விக்கிறாங்க. சிங்கப்பூர்லேருந்து வர்றவங்க ஆசையில வாங்குவாங்க. நடுவுல நாம ஓடு மாத்தி, சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்தா என்ன?" என்று கேட்டீர்கள். அண்ணன் அனுப்பிய பணம் பாதிக்குத்தான் வந்தது. மீதிக்கு என் நகையை அடகு வைத்தோம். அம்மா எனக்கென்று விட்டுப்போன நகை. திருப்பனந்தாள் மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று சொல்லியிருந்தார்கள். ஆடிக்குள் வீடு விற்றுப்போய்விடும், நகையைத் திருப்பிவிடலாம் என்றீர்கள். அண்ணனுக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன். தைரியத்தில் ஆட்டவில்லை, உங்களிடம் முடியாது என்று சொல்லவும் எனக்குப் பயம்.

மாசியில் வீடு பார்க்கப் போனோம். இரண்டு கட்டு வீடு, முற்றம், கொல்லையில் கிணறு, கிணற்றைத் தாண்டி மலை மாதிரி வைக்கோல் போர். அறுவடை முடிந்து புதிதாகப் போட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். "வயலுதாங்க" என்றார் தரகர். எட்டிப் பார்க்க நாம் போகவில்லை. புது வீடு பார்க்கப் போனால் வாசல் வழியாக நுழைந்து வாசல் வழியாகவே திரும்ப வேண்டும், கொல்லைக் கதவைத் தாண்டிவிட்டால் வாங்குகிற வீடு தங்காது என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு. விற்பதற்கென்றே வாங்குகிற வீடு தங்காவிட்டால் நல்லதுதானே என்று நம் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

பத்திரம் பதிந்து பால் காய்ச்சிய அன்று, நம் அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில், வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்தும் புகை வந்தது. தீப்பிடித்துவிட்டது என்று நான் கத்தினேன். போருக்குப் பக்கவாட்டிலிருந்து ஒருத்தி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அஞ்சலை. அந்தப் பண்ணையில் நடவு நட்டவள். "ஒலைதாங்கம்மா வச்சிருக்கேன். எங்க மாமனாரோட அப்பன் காலத்துலேருந்து இங்கதான் கெடக்கோம்" என்றாள். அவளும் புருஷனும் இருந்த குடிசை நம் மனைக்குள் நின்றது. பண்ணையாட்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்த சமயம். ஊர் நிலக்கணக்கு பார்த்த கர்ணத்திடம் விசாரித்தபோது, "இது தெரியாமலா வாங்குனீங்க?" என்று நம்மைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இருந்தாலும் நீங்கள் வேலையை நிறுத்தவில்லை. செல்லரித்த கூரைக் கைமரங்களை மாற்றினீர்கள், கூடத்துக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டீர்கள். "சிங்கப்பூர்க்காரருக்கு மொதல்ல கக்கூஸைத்தான் காட்டணும்" என்று சொல்லி, கொல்லை ஓரத்தில் தாழ்ப்பாளோடு ஒன்று கட்டினீர்கள். ஆனியில் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். எல்லாம் பிடித்திருந்தது. குடிசையைப் பார்த்ததும் முகம் மாறியது. "கொல்லை காலியானா மறுநாளே பத்திரம். இல்லாட்டி நமக்கு ஒத்து வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. திருப்பனந்தாள்காரர்கள் நகையை எடை போட்டுப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கழுத்தைத் தடவிக்கொண்டே திரிந்தேன்.

இனி எழுதப்போவதை நீங்கள் உயிரோடு இருந்தவரை என்னால் சொல்ல முடியவில்லை. வக்கீலைப் பார்க்க நீங்கள் தஞ்சாவூர் போயிருந்த அன்று தரகர் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, இன்னும் நாள் கடத்துனா விவசாயச் சங்கத்துக்காரன் கொடி நட்டுடுவான். அப்பறம் சும்மா குடுத்தாலும் ஒருத்தன் வாங்க மாட்டான். நாலு ஆளு போதும், ஒரு பொழுதுல பிரிச்சுடுவாங்க. சரின்னு மட்டும் சொல்லு" என்றார். அஞ்சலையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அதைவிட வேகமாக ஆவணி மாதம் ஞாபகம் வந்தது. "சரிங்க. அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்றேன்.

மறுநாள் கொத்தனாருக்குக் கூலி கொடுக்கிற சாக்கில் நானும் அங்கே போயிருந்தேன். நான்கு பேர் அரிவாளோடு குடிசை மேல் ஏறிக் கட்டுகளை அறுத்தார்கள். கீற்று சரசரவென்று விழுந்தது. அஞ்சலை கத்தவில்லை, சட்டி பானையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் வாசல் வழியாக நீங்கள் வந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், கூரையைப் பார்த்தீர்கள். போரைச் சுற்றிக்கொண்டு போய்க் குடிசைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "பிரிங்க, என் தலை மேலயே விழட்டும்" என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குள் சேதி போய், நாற்றங்காலிலிருந்து ஆட்கள் கம்போடு ஓடி வந்தார்கள். தரகரின் ஆட்கள் வேலி தாண்டிக் குதித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுக் கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கிழக்கே நடந்த மாதிரி என்னையும் எரித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். சுண்ணாம்புச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றபோது, ஓடி வந்தவர்களில் ஒருவரின் குரல் கேட்டது. "யாரும்மா இவனுங்கள வரச் சொன்னது?"

நான் தாழ்ப்பாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "வீடு என் பேர்ல இருக்கு. என்னையக் கேளுங்க" என்றீர்கள்.

அஞ்சலைதான் குறுக்கே வந்தாள். "அவங்க உள்ள வந்து குந்திக்கிட்டாங்கண்ணே. அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். சத்தம் அடங்கி நெடுநேரம் கழித்து நீங்கள் கதவைத் தட்டினீர்கள். "வெளிய வா பாப்பா. போயிட்டாங்க. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றீர்கள். உங்கள் தலைமுடி முழுக்கக் கீற்றுத் தூசி. கொல்லைக் கதவைப் பூட்டும்போது சாவியை இரண்டு தடவை கீழே போட்டீர்கள். உங்களுக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

குடிசைக்கும் அதற்குப் போகிற வழிக்கும் இடத்தை அளந்து விட்டுவிட்டு, நடுவே வேலி போட்டு, மீதியை அதே ஒரத்தநாட்டுக்காரருக்கு நஷ்டத்தில் விற்றீர்கள். என் நகையைத் திருப்பக் குறைந்த பணத்தை உங்கள் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிச் சரிக்கட்டினீர்கள். "பயந்தவளுக்குத்தான் மொதல்ல குடுத்துடணும்" என்று சிரித்தீர்கள். ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. அதன் பிறகும் வீடுகள் வாங்கினீர்கள், விற்றீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முதலில் கொல்லைப் பக்கச் சந்து வழியாகத்தான் போவீர்களாம். ஒரு தடவைகூட என்னைக் கூட்டுச் சேர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது, சொல்லியே விடுவது என்று வந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அண்ணி, அன்னைக்கு அந்தக் குடிசையைப் பிரிக்க வந்தாங்கள்ல..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து அழுத்தினீர்கள். கண்ணைத் திறக்காமலே, "அந்த வீட்டுல ஓட்டை எடுத்துட்டு மாடி கட்டிட்டாங்களாமே, பாத்தியா பாப்பா?" என்று கேட்டீர்கள்.

உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அந்தப் பிடியில் எனக்குப் புரிந்தது. அப்போதாவது அழுதிருக்கலாம். எனக்கு வந்தது அழுகை இல்லை அண்ணி, அப்பாடா என்ற நிம்மதி. இனிச் சொல்ல வேண்டாம் என்ற நிம்மதி. மாடியைப் பற்றியும் அதன் பெயிண்டைப் பற்றியும் விடாமல் பேசினேன். நீங்கள் தூங்கிப்போன பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன்.