ஆயர் இறங்க மறுத்த மொறிஸ்

வோபர்ன், ஸ்காபரோ
2 யூன் 1996

என் ஒரேயொரு மருமகளும் என் சாம்ராச்சியத்தின் முழு வாரிசுமான கிறிஸ்ரினாவுக்கு,

இந்தக் கடிதத்தில் வருவதை நீ நம்பப் போவதில்லை. ஸ்காபரோவில் ஒருவரும் நம்பப் போவதில்லை. எழுதுகிற எனக்கே அரைவாசி நம்பிக்கைதான். இருந்தாலும் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தியமாகச் சொல்கிறேன், கேள். போனில் சொன்னால் "மாமா, வேலை கிடக்கு" என்று இடையில் வெட்டிவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

நேற்று உன் வருங்கால மாமனார், பேனாட்டின் தகப்பன் யேசுரட்ணம் என்னைக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட்டார். கனடா வந்தும் பெண் வீட்டாரை விசாரிக்கும் பழக்கம் மனிசனை விடவில்லை. "உங்கடை குடும்பம் ஊரிலை எப்பிடி?" என்றார்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு நான்தானே குடும்பம்? குறைத்துச் சொல்ல மனம் வருமா?

"எப்பிடியோ? அண்ணை, எங்களிட்டைக் கூரை மடிக்கிற மொறிஸ் மைனர் நிண்டது. ஆசீர்வதிக்க ஏறின ஆயர் சீற்றின்ரை சுகத்திலை மூண்டு நாள் இறங்கேல்லை. பூசையெல்லாம் காருக்குள்ளைதான்."

"இப்ப எங்கை அந்தக் கார்?"

"கப்பலேறி வந்து யூனியன்வில்லிலை மருமகளின்ரை கராஜிலை நிக்குது. அவ கலியாணத்துக்கு அதிலைதான் கோயிலுக்கு வருவா. ஓட்டுறது நான்."

அந்தக் கார் ஒரு வெள்ளைக்காரக் கமக்காரனின் மாட்டுக்கொட்டிலில் எனக்கு அகப்பட்டது என்பது உனக்குத் தெரியும். யேசுரட்ணத்துக்கு அதெல்லாம் எதற்கு? கன்வஸ் கூரையை எலிகள் பாகம் பிரித்துவிட்டன. இரும்புத் தரையைக் கறள் தின்று, இருந்தபடியே ரோட்டைப் பார்க்கலாம். எஞ்சினுக்கு வாதம். ஆனால் ஆவணிக்குள் எழுப்பிவிடுவேன்.

கொம்மா, அதுதான் என் அக்கா, கலியாணத்தன்று கொட்டுகிற மழையில் கோயிலுக்கு நடந்து போனவள். குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினது நான். அவளுடைய மகள் நடக்கப்படாது.

உன் சாரதி,
மாமா நீக்கிலாப்பிள்ளை


யூனியன்வில்
23 யூன் 1996

அன்புள்ள மாமா,

போன் எடுத்தால் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். சிரித்த பிறகு எனக்குக் கோபிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து பேனாட்டும் அவருடைய அப்பா அம்மாவும் மாமிமாரும் வந்தார்கள். கேக் வெட்டி வைத்திருந்தேன். ஒருவரும் தொடவில்லை. "எங்கை பிள்ளை, ஆயர் இருந்த கார்?" என்று நேரே கராஜுக்குப் போனார்கள். அவருடைய அப்பா போர்வையை முன்பக்கத்தால் தூக்கினார். லைற் ஒன்று கழன்று அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

"ஆயர் ஏன் இறங்கேல்லையெண்டு இப்பதான் விளங்குது. கால் ஓட்டைக்குள்ளை மாட்டியிருக்கும்" என்றா ஒரு மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். பேனாட்டும் சிரித்தார், மாமா. நானும் சிரித்தேன்.

உள்ளே வந்ததும் அவருடைய அப்பா கேட்டார்: "காரே இப்பிடியெண்டா, நீர் படிச்சனீர் எண்டதும் இப்பிடித்தானோ?" நான் மேலே போய், பல்கலைக்கழகம் தந்த பட்டத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்து கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

அவர்கள் லிமோசின் பிடித்துவிட்டார்கள். கோயில் வாசலிலிருந்து என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போவது பேனாட்டின் பெரியப்பாவாம். நான் ஓம் என்றுவிட்டேன். நீங்கள் கட்டாயம் வாங்கோ. மண்டபத்தில் மட்டும் தயவுசெய்து கதை ஒன்றும் சொல்லாதேயுங்கோ.

வருடா வருடம், வருகிற கோடைக்கு ஓடும் என்கிறீர்கள். காரைக் கொடுத்துவிடுங்கள், மாமா. எனக்குக் கராஜ் வேண்டும்.

சின்ன வயதில் உங்கள் கதைகளை நம்பித்தான் வளர்ந்தேன். இப்போது சுகமோ என்று உங்களிடம் கேட்டால், அந்தப் பதிலையும் நம்ப முடியாமல் இருக்கிறது.

கிறிஸ்ரினா


வோபர்ன்
14 யூலை 1996

மதிப்புக்குரிய மணமகளுக்கு,

உத்தரவு நிறைவேற்றப்பட்டது. கராஜைக் கூட்டி, எண்ணெய்க் கறையையும் தேய்த்திருக்கிறேன். கராஜ் பூட்டின் திறப்பு தபால்பெட்டிக்குள் கிடக்கிறது. நீ வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். வழியனுப்பு விழாவை நீ தாங்கமாட்டாய்.

என்ன விழா! கோடீஸ்வரர்கள் உன் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். பாண்டு வாத்தியம் முழங்கியது. மொறிஸ் தானாக ஸ்ராட் ஆகி, உன் வீட்டை மும்முறை சுற்றி, ஹோர்ன் அடித்து, உன் மாமனார் இருக்கும் திசையை நோக்கி ஒரு புகை விட்டது. அந்தப் புகை இன்னும் அங்கேதான் நிற்கிறதாம்.

வாங்கினவன் வேறொரு மொறிஸைத் திருத்துகிறானாம். அதற்கு இதன் பாகங்களைக் கழற்றிப் பூட்டப் போகிறான். போர்வையை முழுக்க இழுத்தவன் திகைத்துவிட்டான். "எல்லாம் கறள், பின்சீற் மட்டும் ஏன் புத்தம்புதுசு?" என்றான். எனக்குத் தெரிந்தது தையல். தெரிந்ததைத்தானே முதலில் செய்ய முடியும்? வெள்ளைத் தோல். உன் சாறி கசங்காமல், தலையில் போடுகிற நெற் மடியாமல் இருக்க அகலமாகத் தைத்தது. மாமிமார் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கினம். அவர்களில் பிழையில்லை. நீயும் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

கலியாணத்துக்கு வர எனக்கு ஆசைதான். ஆனால் அன்றைக்கு ஆயர் என்னை அவசர ஆலோசனைக்கு அழைத்திருக்கிறார். பெரியப்பா வடிவாகக் கைபிடிப்பார். லிமோசினில் கூரை இருக்கும், நனையமாட்டாய்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நான் நல்ல சுகம்.

கோடீஸ்வரர்கள் பொய். பாண்டு பொய். ஆயரின் ஆலோசனை பெரும்பொய். என் சுகத்தை நீ விரும்பினபடி எடுத்துக்கொள்.

முன்சில்லுகளைத் தூக்கிக் கட்டி லொறி இழுக்கத் தொடங்க, மழை பிடித்துக்கொண்டது. கூரைதான் இல்லையே. வெள்ளைச் சீற் நனையக்கூடாதென்று குடையை நீட்டிப் பிடித்தபடி, தெருமுனை மட்டும் கூடவே ஓடினேன்.

அது மட்டும் உண்மை.

கொம்மாவின் தம்பி,
நீக்கிலாப்பிள்ளை