கிணற்றுச் சரிவும் என் செங்கல்லும்

என் பிரியமான அண்ணா,

நல்ல சேதி இல்லை. நம் மயிலைக்காளை முன்னங்கால் ஒடிந்து கட்டுத்தறியில் கிடக்கிறது. வைத்தியர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டியிருக்கிறார். காரணம் நான்.

நீங்கள் காய்ச்சலில் கண்ணை மூடிய பிறகு காடு கழனியை அண்ணிதான் பார்க்கிறார். மெட்ராஸ் இஞ்சினீரிங் காலேஜிலிருந்து லீவுக்கு எருமப்பட்டி வந்த நான், நம் பண்ணையாள் ராசப்பன் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்தேன். மாடுகள் சரிவில் இறங்கினால் வடத்தில் கட்டிய தோல் பறி தண்ணீரோடு மேலே வருகிறது. அவை பின்னோக்கி ஏறினால் பறி மறுபடி கிணற்றுக்குள் போகிறது. சரிவை இன்னும் செங்குத்தாக வெட்டினால் மாட்டின் எடையே வடத்தை இழுக்கும், அதற்குப் பாடு குறையும் என்றேன். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது?

“மாடு நிக்குமா சாமி?” என்று அண்ணி கேட்டார்.

வாசலில் பலகையைச் சாய்த்து ஒரு செங்கல்லை வைத்தேன். எடை கீழே இழுக்கும், உராய்வு விடாமல் பிடிக்கும் என்று விளக்கியபடியே பலகையை உயர்த்தினேன். செங்கல் அசையவில்லை.

“இஞ்சினீரே ஊட்டுல இருக்கறப்ப நமக்கென்னங்க!” என்று ராசப்பன் சிரித்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

செங்கல் சும்மா நிற்கிற சாமான். மாடு நிற்கவா அங்கே இருக்கிறது? அது உந்தி உந்திப் பின்னால் ஏற வேண்டும். அதற்கு இன்னும் பிடி வேண்டும். கிணற்று வாயோரம் தண்ணீர் சிந்தி எப்போதும் ஈரம். நான் சோதித்ததோ காய்ந்த பலகை. இறங்குவதற்குக் கணக்குப் போட்டேன், ஏறுவதற்குப் போடவில்லை. அடுத்த வாரமே மயிலை சறுக்கி விழுந்தது.

அண்ணியின் அப்பா, நம் மாமா, வந்தார். “குடிச்சுப்போட்டு ஓட்டுனியாடா?” என்று ராசப்பன் மேல் பாய்ந்தார்.

“ஏனுங்க சின்னவரே, நீங்களே சொல்லுங்க” என்றார் ராசப்பன்.

சொன்னேன் அண்ணா. சரிவை வெட்டச் சொன்னது நான், தப்பு என்னுடையது என்றேன். மாமா சிரித்தார். “படிச்ச புள்ளைக்குப் பெரிய மனசு. ஆளுக்காரனுக்குப் பரிஞ்சு பேசுது பாரு!” அண்ணியோ, “நீ சும்மா இரு சாமி, பேரைக் கெடுத்துக்காதே” என்றார்.

சும்மா இருந்துவிட்டேன். ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனார். படித்தவன் என்றால் அவன் செய்த தப்பைக்கூட அவனிடம் கொடுக்கமாட்டார்களா? நானாவது பிடுங்கி வாங்கியிருக்க வேண்டாமா?

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். “ஊட்டுல இல்லீங்க” என்றார் அவர் மனைவி. உள்ளே அவர் இருமியது எனக்குக் கேட்டது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். குனிய வேண்டியவன் நான்.

காலேஜ் திறந்துவிட்டது, நான் போகவில்லை. சரிவைப் பழையபடி நிரவிக்கொண்டிருக்கிறேன். மாமா சிரிப்பதை நிறுத்தும்வரை அதே வார்த்தையை அவர் முன்னால் சொல்வேன். ராசப்பனை மாமாவே வாய்விட்டுத் திரும்ப வேலைக்குக் கூப்பிடும்வரை ஊரைவிட்டு நகரமாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

மயிலையின் காலுக்கு ஜவாப்தாரியான
உங்கள் தம்பி