ஆமைப் பாட்டும் சிவப்புப் புள்ளியும்

இன்று காலை மைக்கின் பஞ்சு உறையைத் துவைக்கலாமென்று கழற்றினேன். கற்பூரவல்லி வாசம் வந்தது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அதே மைக்கில் இத்தனை நாளும் "குக்கருக்குத் தள்ளுபடி, குடத்துக்குத் தள்ளுபடி" என்று நானும் என் வீட்டுக்காரரும் கத்தியிருக்கிறோம். அவ்வளவுக்கும் போகாமல், பாடுவதற்கு முன் நீ மென்ற இலையின் வாசம் அதில் இருக்கிறது. என் மூக்கின் வேலையாகக்கூட இருக்கலாம். இருந்தாலும் துவைக்க மனம் வராமல் உறையை மறுபடி மாட்டிவிட்டேன். இப்போது ராத்திரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாளை என் தம்பி மகளுக்கு மூன்றாவது பிறந்தநாள். அவள் அப்பாவின் கல்யாண வீடியோவில் உன்னைப் பார்த்துப் பார்த்து, "அத்தே, நீ ஆமைப் பாட்டு பாடு" என்று ஒரு வாரமாக உயிரை எடுக்கிறாள். உன் பாட்டை நான் பாடுவதா? என் குரலைப் பற்றி உனக்குத் தெரியாததா!

பாலக்கோட்டில் என் பாத்திரக்கடைக்கும் உன் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். ஈஸ்டர் பூசையில் நீ தனியாகப் பாடும் அந்த ஒரு இடத்துக்காகவே, வேறு சாமி கும்பிடுகிற நானும் உங்கள் கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவேன். பிறகு உன் தொண்டையில் கட்டி என்று அறுவை செய்தார்கள். கட்டி போயிற்று, குரலின் மேல்பாதியும் கூடவே போயிற்று. பாடற்குழுவில் "கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்க" என்றார்கள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அதன்பின் நீ முணுமுணுப்பதைக்கூட நிறுத்திவிட்டாய். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அது பயமாக இருந்தது.

அதனால்தான் ஞாயிறு மதியம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கி, தள்ளுபடி கத்தும் ஸ்பீக்கர் பெட்டியில் கரோக்கி போட்டு உன்னைக் கூப்பிட்டேன். சினிமாப் பாட்டு எதை எடுத்தாலும் நீ தலையை ஆட்டினாய். "பாடுனவங்க குரல் எல்லாருக்கும் தெரியும். என் பழைய குரலும் தெரியும். ரெண்டையும் வெச்சு என்னை நிறுப்பாங்க புள்ள." நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பாத்திரம் வாங்க வருபவர்களின் பிள்ளைகள் குண்டானை உருட்டாமல் இருக்க டிவியில் பொம்மைப் படம் போட்டுவைப்பேன் அல்லவா, வழி பிறந்தது அங்கேதான். ஒரு நாள் நீ சில்லறை மாற்ற வந்த நேரம், திரையில் ஒரு கிழட்டு ஆமை கரகரவென்று பாடிக்கொண்டிருந்தது. நீ சில்லறையை மறந்து நின்றாய்.

"இதப் பாடலாம் சரசு. ஆமைக்கு இப்படித்தான் குரல் இருக்கும்னு யாரு கண்டா? சரியில்லன்னு எவன் வந்து சொல்லுவான்?"

மாதக்கணக்காக நீ சிரித்துப் பார்க்காத எனக்கு, அந்தச் சிரிப்பைக் கண்டதும் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் முதலிலேயே ஆமையிடம் போக உனக்குத் தைரியம் இல்லை. சுலபமாக ஒன்று தேடு என்று என்னிடம் விட்டாய். எனக்கென்ன சங்கீதம் தெரியும்? உருவத்தைப் பார்த்துக் குரலை முடிவு செய்தேன். யானை பெரியது, அடித்தொண்டையில்தான் பாடும் என்று யானைப் பாட்டைப் போட்டேன். படம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது யானைக்குட்டி. முதல் வரியே விசில் மாதிரி உச்சியில். நீ மைக்கை வைத்துவிட்டு அண்டாவின் மேல் சாய்ந்து சிரித்தாய். கரடிப் பாட்டில் நடுவே குறட்டை விட வேண்டியிருந்தது. எலி மூச்சு வாங்க வைத்தது. சுற்றிச் சுற்றி ஆமையிடமே வந்தோம். கேட்டுக் கேட்டு எழுதி, உன் மெஷினில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்தாய்.

அந்தப் பெட்டியில் பாட்டின் சுருதியை ஏற்றி இறக்க ஒரு திருகு இருக்கிறது. இறக்கட்டுமா என்று கேட்டபோதெல்லாம் கையைத் தட்டிவிட்டாய். இறக்கினால் தோற்றதாக அர்த்தமாம். ஆமைப் பாட்டில் உச்சிக்குப் போகும் ஒரு வரி உண்டு, மூன்று ஞாயிறு அதில் முட்டி முட்டி நின்றாய். நாலாவது ஞாயிறு நீயே திருகினாய். "பாட்டுதான் எங்கிட்ட வரட்டுமே. நானே எத்தன நாளைக்கு அதுங்கிட்ட ஓடறது?" என்றாய். உன் குரலுக்குத் தோதான இடத்தில், திருகுக்குப் பக்கத்தில், சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாய்.

தம்பியின் கல்யாண வரவேற்பு தர்மபுரி மண்டபத்தில். நம் பெட்டியையும் கொண்டுபோயிருந்தோம். உன் பாடற்குழுக்காரர்கள் நாலைந்து பேர் என் கடை வாடிக்கை என்பதால் வந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் நீ பாட்டுத் தாளை மடித்துவிட்டாய். "வேண்டாம்னா விட்டுடு, யாருக்கும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. நீ திருகைப் பாத்துக்க, நான் தொண்டையப் பாத்துக்கறேன்."

முதல் இரண்டு வரிக்குப் பந்திப் பேச்சு ஓயவில்லை. மூன்றாவதில் ஓய்ந்தது. அது அழகான குரல் இல்லை. கிழிந்த குரல். ஆனால் கடலைக் கடந்து வந்த ஏதோ ஒன்று நிஜமாகவே அங்கே நின்று பாடுவது போலிருந்தது. உச்சி வரி வந்தது. இறக்கியும் எட்டவில்லை. குரல் அறுந்து நீ நின்றுவிட்டாய். இசை மட்டும் ஓடியது. திருகைப் பிடித்திருந்த நான் செத்தேன்.

அப்போது ஐஸ்கிரீம் மேசைப் பக்கத்திலிருந்து அந்த வரி எழுந்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சாடை காட்டவில்லை. படம் பார்த்த பிள்ளைகள், பாட்டு விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கையில் கப்போடு, வாயைச் சுற்றி ஐஸ்கிரீமோடு, அந்த உச்சியைச் சர்வசாதாரணமாகத் தாண்டினார்கள். நீ மைக்கை அவர்கள் பக்கம் நீட்டி வாய் பிளந்து பார்த்தாய். வரி முடிந்ததும் கீழிருந்து உன் குரல் போய்ச் சேர்ந்துகொண்டது. எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

பாடற்குழுவை நடத்தும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்றார்.

"வர்றேங்க. சுருதிய இறக்குவீங்களா?" என்றாய். என்ன துணிச்சல் உனக்கு!

இறக்கினார்கள். அந்த ஞாயிறு நானும் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆண்கள்கூடப் பாடினார்கள். எட்டாத பாட்டு எட்டும் இடத்துக்கு வந்ததும் அவர்களுக்கும் வாய் திறந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய்.

இரண்டு வருடம் அப்படிப் பாடினாய். பிறகு நோய் திரும்பி வந்தது, இந்த முறை தொண்டையோடு நிற்கவில்லை. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. உனக்கும் அந்தக் கதை பிடிக்காது.

இன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். வெளியே தக்காளி லாரிகளின் ஹாரன். நீ அச்செடுத்த தாள் இன்னும் கல்லாவுக்கு அடியில்தான் இருக்கிறது. திருகை உன் புள்ளியில் வைத்து, ஒரு கற்பூரவல்லி இலையை மென்றுவிட்டுப் பாடினேன். எட்டியது. பிறந்ததிலிருந்து எந்தப் பாட்டும் எட்டாத எனக்கு, உன் புள்ளியில் எட்டியது! உச்சி வரியில் மட்டும் குரல் அறுந்தது. மைக்கை நீட்டினேன். குடங்கள்தான் இருந்தன. இசை ஓடி முடியும்வரை காத்திருந்து, நீ சேர்ந்துகொண்ட இடத்தில் சேர்ந்துகொண்டேன்.

நாளை பிள்ளைகள் இருப்பார்கள். திருகை அங்கேயே விட்டுவைத்திருக்கிறேன். யார் பாடினாலும் உன் புள்ளியிலிருந்துதான் பாட வேண்டும்.