கழுவாத உரம்

மரக்காணம்
2.7.2025

அன்புள்ள மதிக்கு,

நலமா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் தபாலில் சண்டை போடுகிறேன். நீ அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. நம் கம்பெனியில் உரத்தைச் சோதிப்பவள் நீ. சோதனைச் சான்றில் உன் கையெழுத்து இல்லாமல் இருநூறு மூட்டை பொட்டாஷ் உரம் கிடங்கில் கிடக்கிறது. ஆடிப்பட்டத்துக்குக் கடைக்காரர்கள் நச்சரிக்கிறார்கள்.

உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை ஊரே கடலில் விட்டுக்கொண்டிருந்தபோது, அதிலிருந்து உரம் எடுக்கலாம் என்று என்னை இழுத்துவிட்டவள் நீ. இப்போது நீயே காலை வாருகிறாய். கொஞ்சம் உப்புதானே கூடிவிட்டது? வந்து கையெழுத்துப் போடு.

சரியாகச் சாப்பிடுவதில்லை. அதையும் சொல்லிவைக்கிறேன்.

உன்
தேவநாதன்

கிளியனூர்
6.7.2025

என் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

கொஞ்சம் இல்லை. இருக்கவேண்டியதைப் போல மூன்று மடங்கு. நம் போர்வெல் தண்ணீர் உப்பாகிவிட்டது, லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்துத்தான் உரத்தில் ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவவேண்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "உப்புத் தண்ணியில கழுவினா உப்பு எப்படிங்க போவும்?" என்று கேட்டதற்கு, வேலையாட்கள் முன்னால் என்னை முறைத்தீர்கள்.

இங்கே அப்பா விதைக்கடலை போட்டு, தொட்டியில் முளைத்திருந்த மல்லாட்டைச் செடிக்கு நம் உரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் இலையோரம் கருகிவிட்டது. மூட்டைகளைப் பிரித்து மறுபடி கழுவுங்கள், அன்றைக்கே வருகிறேன். அதுவரை கையெழுத்து கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ரசம் வைக்கத் தெரியாத ஆளா நீங்கள்?

கலைமதி

மரக்காணம்
10.7.2025

மதி,

மறுபடி கழுவி உலர்த்த இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கப்பலில் வந்த பொட்டாஷ் எல்லாக் கடையிலும் இறங்கிவிடும். அப்புறம் நம் மூட்டையை யார் சீண்டுவார்கள்? கம்பெனியை மூடினால் பதினாறு பேர் மறுபடியும் உப்பளத்து வெயிலில் நிற்கவேண்டும். தொட்டிச் செடிக்கு இரக்கப்படுகிறாய், எனக்கு இரக்கப்பட மாட்டேன் என்கிறாய்.

நீ வராவிட்டால் எனக்கு வேறு வழி தெரியும்.

தேவநாதன்

கிளியனூர்
18.7.2025

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் வழியை நேற்று பார்த்துவிட்டேன். அப்பா உரக்கடையிலிருந்து நம் மூட்டை இரண்டு வாங்கிவந்தார். கூடவே சோதனைச் சான்று. பழைய சான்றிலிருந்து என் கையெழுத்தை எடுத்து அச்சடித்திருக்கிறீர்கள். "எம் பொண்ணு கையெழுத்து போட்ட உரம்யா, கண்ண மூடிக்கினு போடலாம்" என்று பக்கத்து நிலத்துக்காரர்களிடம் வேறு சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

உடனே கடைக்கு ஓடினேன். விற்றது போக மீதியை விற்காமல் தனியே எடுத்துவைக்கச் சொன்னேன். வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் நானும் அப்பாவும் நடந்தே போய்ச் சொன்னோம். ஒருவர் மட்டும் போட்டுவிட்டார், அரை ஏக்கர். தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்கினேன்.

இன்று காலை வேளாண்மை அலுவலகத்தில், அந்தக் கையெழுத்து நான் போட்டதல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். ஆனாலும் ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்து எழுதவில்லை.

உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கும். அதற்காக இன்னொரு மூட்டை வெளியே போக விடமாட்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு அதிகாரி கம்பெனிக்கு வருகிறார். நானும் வருவேன். நடந்ததை நீங்களே சொன்னால் உங்கள் பக்கத்தில் நிற்பேன். மறைத்தால், அவர் பக்கத்தில் நின்று நான் சொல்வேன்.

கலைமதி