காலிக் குழியில் புள்ளிகள்

நிலவின் தென்துருவ நிலையம். எழுதுவது உமையாள், நோயெதிர்ப்பு ஆய்வாளர்.

நாள் 211, 08:10
காற்று இயந்திரம் ஓடுகிறது. வடிகட்டி தேய்ந்துவிட்டது, மாற்று இல்லை. இங்கே நானும் பொறியாளர் ஜெரோம் பர்னாந்தும் மட்டும். நேற்றும் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்குத் தொண்டை வீங்கியது. ஊசி போட்டேன். இனி ஒன்றுதான் மிச்சம்.

உணவு பாசி மாவு மட்டுமே. ஒவ்வாத பாசிப் புரதம் எது என்று தெரிந்தால், அது இல்லாத வகையை வளர்க்கலாம். தெரியாவிட்டால் பூமியிலிருந்து கலம் வரும்வரை அவன் தாங்க மாட்டான்.

நாள் 212, 10:30
பாசிப் புரதங்களைத் துண்டுகளாக்கி, சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டில் குழிக்கு ஒரு கலவையாக இட்டேன். மேலே ஜெரோமின் ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்கள். ஒவ்வாமைக்கு உத்தரவு போடுபவை இவைதான். தமக்கு ஆகாத துண்டைக் கண்டால் நீலப் புள்ளி பதிக்கும். ஒப்பிட, துண்டே போடாத காலிக் குழி ஒன்று. அதில் புள்ளி வரக்கூடாது.

அவனை இயந்திர அறையில் படுக்க வைத்து, சாப்பாட்டை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நாள் 214, 11:00
எல்லாக் குழியிலும் புள்ளி. காலிக் குழியிலும். தண்ணீரை மாற்றி, புதுத் தட்டு எடுத்து, முதலிலிருந்து தொடங்குகிறேன்.

நாள் 216, 15:20
மறுபடியும் அதே எழவு. தட்டைச் சுவரில் வீசினேன். நிலவில் அது ஆடி அசைந்து விழுந்தது. இங்கே கோபத்தைக்கூட ஒழுங்காகக் காட்ட முடியவில்லை.

இன்னும் ரத்தம் வேண்டும் என்றேன். இன்டர்காமில் ஜெரோம்:

“எடுத்துக்கிடுங்க டாக்டரக்கா. ஆனா நீங்க சாப்பாட்டோட உள்ள வந்தாலே எனக்கு நெஞ்ச அடைக்கு.”

பயத்தில் உளறுகிறான் என்று நினைத்தேன்.

நாள் 217, 09:45
மடச்சி நான். செல்களை வளர்க்க சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், வேண்டும். கொண்டுவந்தது தீர்ந்ததும், பூமியில் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் செய்வதுபோல, என் கையிலிருந்தே ரத்தம் எடுத்துப் பிரித்து ஊற்றியிருந்தேன். அந்நிய சீரத்தைப் பார்த்துச் செல்கள் மிரண்டிருக்கும். இம்முறை அவனுடைய சீரம்.

நாள் 219, 10:05
காலிக் குழி சுத்தம். கை தட்டிவிட்டேன். பிறகு மற்றவற்றைப் பார்த்தேன். அவையும் சுத்தம். செல்கள் செத்தனவா? இல்லை. உயிருள்ள செல்லைத் தூண்டும் மருந்து இட்ட குழியில் கொத்துக் கொத்தாகப் புள்ளிகள்.

அப்படியென்றால் பாசியில் குற்றமில்லை. என் சீரத்தில் அவை எதைக் கண்டன? நான் உள்ளே வந்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றானே.

முழங்கையைச் சுரண்டி, உதிர்ந்த தோலைக் கரைத்து ஒரு குழியில் இட்டிருக்கிறேன்.

நாள் 220, 14:30
குழி முழுக்க நீலம்.

அவனுக்கு ஆகாதது நான்தான். ஏழு மாதமாக என் தோல் தூசியைச் சுவாசித்திருக்கிறான். வேளை தவறாமல் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே போய்ப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

நாள் 221, 07:50
மீண்டும் வீக்கம். கடைசி ஊசியை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். அவனே போட்டுக்கொண்டான்.

இரு பக்கமும் ஒரே காற்று சுற்றுகிறது. இடைக்குழாயை அடைத்தால்தான் பிழைப்பான். இயந்திரம் அவன் பக்கம். என் பக்கம் சிலிண்டர்கள் மட்டும், கலம் வரும்வரை போதாது. பயமாக இருக்கிறது. அடைத்துவிட்டேன்.

ஆய்வகத்தில் பூஞ்சை என்றும், சிலிண்டர் தாராளம் என்றும், கோளாறு பாசியில்தான், மாவை மாற்றிவிட்டேன் என்றும் அவனிடம் பொய் சொன்னேன். உண்மை தெரிந்தால் குழாயைத் திறந்துவிடுவான்.

நாள் 226, 16:00
“வீக்கம் சுத்தமா வடிஞ்சிட்டுக்கா. புது மாவு நல்லா ஒத்துக்கிட்டு. ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஒத்தையில கெடக்க முடியல.”

புது மாவு என்று எதுவும் இல்லை. வேலை இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டான். நான் அழுதேன்.

நாள் 231
கடைசி சிலிண்டர். தலை பிளக்கிறது. அவன் கூப்பிடுகிறான், பதில் சொல்லக் குரல் எழவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு. முதலில் என்னைப் பையில் இட்டு மூடுங்கள். செத்தாலும் தோல் உதிரும். அவனை உள்ளே விடாதீர்கள்

கதவில் சத்தம். வெளியிலிருந்து திருகாணி கழற்றுகிறான். என்னைக் காப்பாற்ற வருகிறான். கதவைத் தட்டினேன். உள்ளே கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக

ஜெரோம் வேண்டாம் ஊசி இல்