கேள்விக்குறி ஆகாத உன் பெயர்

இன்று காலை நம் ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் கருகிய வாடை அடித்தது. உடனே உன்னைக் கூப்பிடத்தான் வாயெடுத்தேன். மழைக்காலத்துக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும், இங்கே எது கெட்டாலும் முதலில் உன் பெயர்தான் வாயில் வருகிறது. என்ன செய்ய?

நோயாளிகளின் குறிப்பெல்லாம் இருக்கும் சர்வர் செத்துக் கிடந்தது. வெளியே டயாலிசிஸுக்கு வந்தவர்கள் காத்திருந்தார்கள். தாடிக்கொம்புப் பக்கம் பூ விவசாயம் பார்க்கும் பெரியவர் கால் வீங்கி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். போன முறை ஒரு மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அது எந்த மருந்தென்று அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. நர்ஸ் அதைக் கணினியில் தமிழில் அடித்து வைத்திருந்தார். புதிதாக வந்திருக்கும் டாக்டர், குறிப்பைப் பார்க்காமல் டயாலிசிஸுக்கான ஊசி போட மாட்டேன், அவரை ரொம்ப நேரம் இப்படியே வைத்திருக்கவும் முடியாது என்றார். இரண்டும் நியாயம்தான். நான் மாடிக்கு ஓடினேன்.

மாடியில் நீ சண்டை போட்டு வாங்கிய லினக்ஸ் கணினி இருந்தது. செத்தது விண்டோஸ்; ஒன்றில் ஓடுவது மற்றதில் சாதாரணமாக ஓடாது. குறிப்புகளை நகலெடுத்து வைக்க, இரண்டிலும் ஓடுகிற பேக்கப் புரோகிராம்தான் வேண்டும் என்று நீ நிர்வாகத்தோடு மல்லுக்கட்டியபோது, தேவையில்லாமல் படுத்துகிறாய் என்று நானே சொன்னேன். "ஒரு மெசினு செத்தா, அதே மாதிரி இன்னொன்னு வார வரைக்கும் ஆளுக மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருப்பாகளா புள்ள?" என்று திருப்பிக் கேட்டாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்குப் போனவர்கள் திரும்பும்வரை நம் தெருவே ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் பேக்கப்பை லினக்ஸில் ஏற்றிப் பார்ப்போம். முதல் தடவை, வேலை முடிந்ததென்று பச்சை எழுத்தில் வந்ததும் நான் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன். நீ நோயாளி ஒருவரின் பக்கத்தைத் திறந்தாய். எண்கள் சரியாக இருந்தன. தமிழில் அடித்த பெயரும் குறிப்பும் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். தமிழில்தான் அடிப்போம் என்று அடம்பிடித்ததும் நாம்தானே. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் நீ கொண்டுவந்த கறி ஆறி, வெள்ளையாக உறைந்துவிட்டது.

"பச்சையப் பாத்து ஏமாறாத. ஆளு பேரு வருதான்னு பாரு," என்றாய். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் சோதனைக்கு உன் பக்கத்தையே திறப்போம். ஊழியர்களுக்கான ரத்தப் பரிசோதனைக்காக உன் பெயரையும் தமிழில் பதிந்திருந்தாய். நீ போனதும் அதை நீக்கிவிடச் சொன்னார்கள். சரி என்று தலையாட்டினேன். நீக்கவில்லை.

இன்று பேக்கப்பிலிருந்து குறிப்புகளை மீட்கும் வேலையை ஓட விட்டு உட்கார்ந்திருந்தேன். பாதியில் அப்படியே நின்றது. பெரியவரின் மகள் மாடியேறி வந்து வாசலில் நின்றாள். "செத்த நேரத்துல வந்துருமாக்கா? அப்பாவுக்கு ரொம்ப முடியல." வந்துவிடும் என்றேன். வராவிட்டால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது.

அது மெல்ல நகர்ந்து, கடைசியில் பச்சை வந்தது. நான் அதை நம்பவில்லை. பழக்கப்படி உன் பதிவு எண்ணை அடித்தேன்.

உன் பெயர் வந்தது. ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. கீழே உன் ரத்த வகை, வயது, கடைசிப் பரிசோதனை. எல்லாம் நல்லபடி இருக்கிறதென்று எழுதியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதே திரையில்தான் பெரியவரின் பக்கத்தையும் திறக்க வேண்டும். உன்னை மூட மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

மூடினேன். பெரியவரின் குறிப்பைத் திறந்து, மருந்தின் பெயரைக் கீழே இருந்த டாக்டருக்குப் போனில் உரக்கப் படித்தேன். இப்போது அவருக்கு மெஷின் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை உன்னை மறுபடி திறப்பேன்.