கை யாருது?

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? என் அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

பாப்பாவின் கையைத் தாளில் வைத்துச் சுற்றி நீ வரைந்து அனுப்பியதைப் பலகையில் ஒட்டி, கை மாதிரியே அறுத்துவிட்டேன். முதலாளி பொழுதுபோக்குக்கு வாங்கிய ரம்ப மெஷின்தான். கார் ஓட்டாத நேரத்தில் அதைத் துடைப்பவனும் நானே. பிளேடு நூல் மாதிரி இருக்கும், அழுத்தினால் அறுந்துவிடும். சுண்டுவிரலுக்கே மூன்று பிளேடு போனது.

வார்னிஷ் காய அவர் பட்டறையிலேயே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளிடம் அதைக் காட்டி, "நானே செஞ்சது" என்றார் முதலாளி. என் வாய்தான் உனக்குத் தெரியுமே.

"ஐயா, அது நான் அறுத்ததுங்க."

"மரம் யாருது? மெஷின் யாருது?" என்று சிரித்தார்.

"கை யாருதுங்க?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. கையைக் கொடுத்துவிட்டார், பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை இருக்கிறது, பயப்படாதே. என் உழைப்பில் அவர் பேர் வாங்கட்டும், பழகிவிட்டது. என் பிள்ளையின் கையிலுமா?

பாப்பாவின் கையை இன்னொரு தாளில் வரைந்து அனுப்பு. மரக்கையின் மேல் வைத்து, எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

காரை எடுக்கக் கூப்பிடுகிறார்கள். வரையும்போது அவளை அசையாமல் இருக்கச் சொல்.